அடிக்காதீங்க பாஸ்... பிரிச்சுப் பாருங்க!

ஒரே ஒரு கேள்வி. கேன்டீன் டீ ஆறுறதுக்குள்ள பதில் சொல்லிடலாம்.

மேலே க + 6. கீழே 6. நடுவுல ஒரு கோடு. இதைச் சுருக்குங்க பார்க்கலாம்!

'இதென்ன பிரமாதம்... மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு. ரெண்டையும் ஒரு இழுப்பு இழுத்தா மிச்சம் க' என்கிறீர்களா? கையைக் கொடுங்க... நீங்க தனி ஆள் இல்லை! ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் பேப்பரில் இருந்து ஃபைனல் இயர் பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் டெஸ்ட் வரை, இந்த 'சர்ர்ர்' கோடு போடுகிற படை ரொம்பப் பெருசு.

இப்போ அந்த க-வுக்கு 12 என்று ஒரு நம்பர் கொடுத்துப் பாருங்கள். மேலே 18, கீழே 6. விடை 3. ஆனால், நாம் அடித்து எடுத்த விடைப்படி 12 வரணும். பன்னிரண்டு எங்கே... மூணு எங்கே!

பிரச்னை நம்ம மூளையில் இல்லை பாஸ். 'அடிக்கிறது' என்கிற அந்த வார்த்தையில் இருக்கு. ஸ்கூல்ல இருந்தே 'மேலேயும் கீழேயும் அடிச்சுடு', 'கேன்சல் பண்ணு' என்று கேட்டே வளர்ந்தோம். அடிச்சா காணாமப் போயிடும் என்று மனசுல பதிஞ்சு போச்சு. உண்மையில் அங்கே எதுவும் காணாமல் போவதில்லை. நடப்பது வகுத்தல். மேலே இருப்பதை முழுசா ஒரு எண்ணால் வகுக்கிறோம், கீழே இருப்பதையும் அதே எண்ணால் முழுசா வகுக்கிறோம். அவ்வளவுதான் மேட்டர்!

இந்தக் கட்டுரையில் சொல்ல வர்ற விஷயமும் இது ஒண்ணுதான். அடிக்கிறதுக்கு முன்னாடி, அது என்ன என்று பிரிச்சு எழுதிப் பாருங்க. அடுக்குக்குறி விதிகள் எல்லாமே அந்தப் பிரிச்சு எழுதலில் இருந்துதான் பிறக்கின்றன. மனப்பாடம் பண்ண ஒரு விதிகூட இல்லை.

கடலைத் தாண்டி கரையில் தடுக்கி...

'எட்டாங்கிளாஸ் கணக்கை எல்லாம் எதுக்குப்பா இன்ஜினீயரிங் பசங்களுக்குச் சொல்றே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ் பேப்பரை நினைச்சுப் பாருங்க. டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் என்று பெயர்களைக் கேட்டாலே பயமா இருக்கும். ஆனால், மார்க் போகிற இடம் பல நேரம் அது இல்லை. பெரிய ஃபார்முலாவைச் சரியாகப் போட்டிருப்போம். மதிப்புகளைச் சரியாகப் பொருத்தியிருப்போம். கடைசி மூணு வரியில், பின்னத்தைச் சுருக்குகிற இடத்தில் வழுக்கி விழுந்திருப்போம். கடலை நீந்திக் கடந்துட்டு, கரையில் கிடக்கிற கல் தடுக்கி விழுகிற கதை!

ஒரு சாம்பிள். மேலே க³, கீழே க-வின் வர்க்கமூலம். இதை டிஃபரன்சியேட் பண்ணணும். 'ஆஹா, வகுத்தல் இருக்கு' என்று கோஷன்ட் ரூலைக் கையில் எடுத்தால் அரைப் பக்கம் ஓடும். அடுக்கு தெரிந்தவர் ஒரு நொடி நின்று பார்ப்பார். வர்க்கமூலம் என்றால் அடுக்கு 1/2. மூணில் இருந்து அரையைக் கழித்தால் 5/2. ஆக, அந்தப் பூதம் மொத்தமும் 'க-வின் அடுக்கு 5/2' என்கிற பூனைக்குட்டி! டிஃபரன்சியேட் பண்ணினால் 5/2 பெருக்கல் க-வின் அடுக்கு 3/2. ரெண்டே வரி.

சுருக்கத் தெரிந்தவருக்கு பேப்பரில் நேரம் மிச்சம். தெரியாதவருக்கு அரியர் பயம். வித்தியாசம் அவ்வளவுதான்.

'டினாமினேட்டர்னா பகுதியாக்கா?'

எங்க ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் பொண்ணு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கணக்கில் நல்ல மார்க் எடுத்துட்டு வந்தவள். முதல் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் வந்த அன்னிக்கு மெஸ்ஸுக்குச் சாப்பிட வரலை. ரூமுக்குப் போய்ப் பார்த்தால், பெட்டியில் துணி அடுக்கிட்டு இருந்தாள்.

"எனக்கு இன்ஜினீயரிங் செட் ஆகாதுக்கா. ஊர்லயே ஏதாவது டிகிரி படிச்சுக்கிறேன்."

"பேப்பரைக் காட்டு முதல்ல."

வாங்கிப் பார்த்தேன். ஒரு கணக்கில் எட்டு வரி பக்காவாகப் போட்டிருந்தாள். சங்கிலி விதி, குறி மாற்றம், எல்லாம் சரி. ஒன்பதாவது வரியில் க⁶-ஐ க²-ஆல் வகுத்து க³ என்று எழுதியிருந்தாள். ஆறை ரெண்டால் வகுத்தா மூணுதானே என்கிற கணக்கு! அதே பேப்பரில் இன்னும் மூணு இடத்தில் இதே தப்பு. அத்தனை சிவப்பு மையும் ஒரே ஒரு ஓட்டையில் இருந்து ஒழுகினது.

"கிளாஸ்ல கேட்டிருக்கலாமே டி?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "டினாமினேட்டர்னா பகுதியாக்கா, தொகுதியாக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்த கணக்குக்குப் பெயர் மாறிப் போயிருந்தது. நியூமரேட்டர் எது, டினாமினேட்டர் எது என்று யோசித்து முடிப்பதற்குள் போர்டில் மூணு வரி தாண்டிப் போயிருக்கும். கையைத் தூக்கிக் கேட்டால் பக்கத்து பெஞ்ச் சிரிக்குமோ என்கிற பயம் வேறு.

அன்னிக்கு நைட்டும் அடுத்த நாள் நைட்டும் ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். கால்குலஸைத் தொடவே இல்லை. அடுக்கு மட்டும். அந்த ரெண்டு ராத்திரி பேசினதைத்தான் இனி உங்களுக்கும் சொல்லப் போறேன்.

எக்ஸுக்குப் பதிலா 'க'வா?

ஆமாம்! தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்றுதான் பெயர் வைக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாஸ்கராச்சாரியார் 12-ம் நூற்றாண்டில் எழுதிய 'பீஜகணித'த்தில் தெரியாத எண்களுக்கு 'யா', 'கா', 'நீ' என்று எழுத்துகளை வைத்தார். 'யாவத்-தாவத்' என்றால் 'எவ்வளவோ அவ்வளவு'. அதன் முதல் எழுத்து யா. காலகம் என்றால் கறுப்பு, அதற்கு கா. நீலகம் என்றால் நீலம், அதற்கு நீ. அல்ஜீப்ராவில் கலர் காட்டியிருக்கார் மனுஷர்! வர்க்கம் வேண்டுமென்றால் பக்கத்தில் 'வ' சேர்ப்பார்.

எழுத்தின் தலைக்கு மேல் குட்டியாக எண்ணை எழுதுகிற இன்றைய ஸ்டைலைப் பரப்பியவர் பிரான்ஸின் ரெனே டெகார்த். 1637-ல் வெளிவந்த அவருடைய ஜியோமிதி நூலில் இது வருது. அந்தக் குட்டி எண் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. 'இந்த எழுத்தை எத்தனை முறை பெருக்கணும்' என்று எண்ணிச் சொல்வது. க⁵ என்றால் ஐந்து க-க்களின் பெருக்கல். இதைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

எண்ணினால் போதும்

பெருக்கல்: க³ × க⁴ எவ்வளவு? பிரிச்சு எழுதுங்க.

(க × க × க) × (க × க × க × க)

எண்ணுங்க. ஏழு. எனவே க⁷. அடுக்குகளைக் கூட்டணும் என்கிற விதி இதுதான். மூணையும் நாலையும் பெருக்கி 12 என்று எழுதுகிறவர், எண்ணிப் பார்க்காதவர்.

வகுத்தல்: க⁶ / க². மேலே ஆறு க. கீழே ரெண்டு க. மேலேயும் கீழேயும் க × க-ஆல் வகுத்தால் மேலே நாலு நிற்கும். க⁴. ஜூனியர் பொண்ணு இதைப் பிரிச்சு எழுதி முடிச்சதும் தலையில் கை வைச்சுக்கிட்டாள். "ச்சே... கழிக்கணும். நான் வகுத்திருக்கேன்!" அதுக்கப்புறம் அவளுக்கு அந்த விதியை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கலை.

அடுக்குக்கு அடுக்கு: (க³)⁴. மூணு மூணாக நாலு கட்டு. பன்னிரண்டு க. எனவே க¹². கூட்டுறதா, பெருக்குறதா என்று இனிமேல் குழப்பமே வராது. கட்டுகளை எண்ணுங்க, போதும்.

அடைப்புக்குறி: (2க)³. இதுதான் டேஞ்சர் ஏரியா! 2க³ என்று எழுதிட்டுப் போற கூட்டம் ஜாஸ்தி. பிரிச்சா, 2க × 2க × 2க. மூணு க மட்டும் இல்லை, மூணு 2-ம் இருக்கு. எனவே 8க³. அடைப்புக்குள் இருக்கிற எல்லாருக்கும் அடுக்கு உண்டு, பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் பாயசம் மாதிரி!

ஆனால், பந்தி பெருக்கலுக்கு மட்டும்தான். (க + 2)³ என்றால் க³ + 8 கிடையாது. க = 1 போட்டுப் பாருங்க. மூணின் கனம் 27. அந்தப் பக்கம் 1 + 8 = 9. கூட்டல் வந்தாலே ரூல்ஸ் வேற.

இந்த எண்ணுகிற ஐடியா நேற்று வந்தது இல்லை. 2,200 வருஷங்களுக்கு முன்பே ஆர்க்கிமிடிஸ், இந்தப் பிரபஞ்சத்தை நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் 10⁶³-க்கு மேல் போகாது என்பது அவர் விடை. அவ்வளவு பெரிய எண்களைச் சமாளிக்க அவர் கையில் எடுத்ததே, 'பெருக்கும்போது வரிசை எண்கள் கூடும்' என்கிற இந்த விதிதான். அப்போ அவரிடம் பூஜ்யக் குறியும் இல்லை, தலைக்கு மேல் குட்டி எண்ணும் இல்லை!

ஜீரோவும் மைனஸும் ஜுஜுபி

'சரி, அஞ்சு தடவை பெருக்கலாம். ஜீரோ தடவை எப்படிப் பெருக்குறது? மைனஸ் மூணு தடவை எப்படிப் பெருக்குறது?' இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான ரூட்டில் போறீங்கன்னு அர்த்தம்.

படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள்.

2³ = 8
2² = 4
2¹ = 2

ஒவ்வொரு படி இறங்கும்போதும் என்ன நடக்குது? அடுக்கு ஒன்று குறையுது. விடை பாதியாகுது. நிறுத்தாமல் இறங்குங்க.

2⁰ = 1
2⁻¹ = 1/2
2⁻² = 1/4
2⁻³ = 1/8

அவ்வளவுதாங்க! 2⁻³ என்றால் மைனஸ் எட்டு இல்லை. எட்டில் ஒரு பங்கு. மைனஸ் அடுக்கு என்பது 'மாடி மாறு' என்கிற சிக்னல். மேலே மைனஸ் அடுக்கோடு இருப்பவர் கீழே போனால் பிளஸ் ஆகிவிடுவார். கீழே இருப்பவர் மேலே வந்தாலும் அப்படியே.

ஜீரோ அடுக்கை வகுத்தலிலும் பார்க்கலாம். க⁵ / க⁵. மேலேயும் கீழேயும் ஒரே சரக்கு. விடை 1. விதிப்படி அடுக்கு 5 - 5 = 0. ஆக, க⁰ = 1. க பூஜ்யமாக மட்டும் இருக்கக் கூடாது. பூஜ்யத்தால் வகுக்க முடியாதே!

'எல்லாத்தையும் அடிச்சாச்சு, மிச்சம் பூஜ்யம்' என்று எழுதுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அடிப்பது என்று நினைத்தால் பூஜ்யம்தான் தோணும். வகுப்பது என்று நினைத்தால் 1 தானாக வந்து நிற்கும். வார்த்தையை மாத்தினா விடையே மாறுது, பார்த்தீங்களா?

இதில் நமக்கு ஆறுதலான ஒரு சேதியும் இருக்கு. பிரான்ஸின் நிக்கோலா ஷூக்கே 1484-லேயே ஜீரோ அடுக்கையும் மைனஸ் அடுக்கையும் எழுதிப் பார்த்துட்டார். ஆனால், இங்கிலாந்தில் வாலிஸும் நியூட்டனும் எடுத்தாண்டு இது பரவலாக, 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆகிவிட்டது. உலகமே கிட்டத்தட்ட ரெண்டு நூற்றாண்டு யோசிச்ச விஷயம். நமக்கு ரெண்டு ராத்திரி பிடிச்சா என்ன குறைஞ்சு போச்சு!

இப்போ மெயின் பிக்சர்

விதிகள் கையில் இருக்கு. பின்னத்துக்குள் இறங்குவோம்.

முதல் கணக்கு: 12க⁵ப² / 18க²ப⁶

ஒரே நேரத்தில் எல்லாத்தையும் பார்க்காதீங்க. மூணு வரிசையாகப் பிரிச்சுக்குங்க. எண்கள் தனி: 12/18 என்றால் 2/3. க தனி: 5 - 2 = 3, அதனால் க³. ப தனி: 2 - 6 = -4, அதனால் ப⁻⁴. மைனஸ் அடுக்கு கீழே இறங்கட்டும். விடை: 2க³ / 3ப⁴. சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிடுகிற மாதிரி. கலந்தடிச்சாதான் கஷ்டம்.

ரெண்டாவது, கொஞ்சம் காரம் தூக்கல்: (2க⁻³ப²)³ / (4க⁻⁵ப⁻¹)

முதலில் மேலே இருக்கிற அடைப்பை அவிழ்க்கணும். 2³ = 8. க-வுக்கு -3 × 3 = -9. ப-வுக்கு 2 × 3 = 6. மேலே 8க⁻⁹ப⁶. இப்போ வகுத்தல். எண்கள்: 8/4 = 2. க: -9 - (-5) = -4. ப: 6 - (-1) = 7. ஆக 2க⁻⁴ப⁷. க-வைக் கீழே இறக்கினால் விடை: 2ப⁷ / க⁴.

சரியா என்று எப்படித் தெரியும்? விடைப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். க = 2, ப = 1 போடுங்க. மேலே (2 × 1/8)³, அதாவது 1/64. கீழே 4 × 1/32, அதாவது 1/8. வகுத்தால் 1/8. நம்ம விடையில் 2/16, அதுவும் 1/8. டிக்! எக்ஸாம் ஹாலில் பக்கத்து பேப்பரை எட்டிப் பார்க்கிற ரிஸ்க்கே வேண்டாம், கணக்கே சாட்சி சொல்லும். ஒரு விஷயம்... செக் பண்ணும்போது எல்லாத்துக்கும் 1 போடாதீங்க. ஒன்றுக்கு எந்த அடுக்கு போட்டாலும் ஒன்றுதான். தப்பு மாட்டாமல் தப்பிச்சுடும்.

மூணாவது, கூட்டல் கழித்தல் வந்தால்: (க² - 9) / (க² + 3க)

கை பரபரக்கும், மேலேயும் கீழேயும் க² இருக்கே என்று. அடக்குங்க! க² இங்கே ஒரு உறுப்பு, காரணி இல்லை. கூட்டல், கழித்தலால் ஒட்டியிருந்தால் உறுப்பு. பெருக்கலால் ஒட்டியிருந்தால் காரணி. மொத்தத்தையும் பெருக்கலாக எழுதின பிறகு, பொதுக் காரணியால்தான் வகுக்கலாம். அதனால் முதலில் காரணிப்படுத்தணும்.

மேலே (க - 3)(க + 3). கீழே க(க + 3). இப்போ (க + 3)-ஆல் ரெண்டு மாடியையும் வகுக்கலாம். விடை: (க - 3) / க. க = 6 போட்டால் முதல் கோவை 27/54. விடை 3/6. ரெண்டும் அரை. டிக்!

ஒரு சின்ன எச்சரிக்கை. க = -3 என்றால் முதல் கோவையில் கீழே பூஜ்யம். அதற்கு மதிப்பே கிடையாது. சுருக்கின விடையிலோ -6/-3 = 2 என்று சமர்த்தாக ஒரு பதில் வரும். சுருக்கும்போது அந்தப் பள்ளத்தை மூடிட்டோம், பள்ளம் இருந்தது மறந்து போச்சு. அதனால்தான் பத்தாங்கிளாஸ் புத்தகத்தில் 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று தனியாகச் சொல்லித் தருகிறார்கள். க பூஜ்யமும் ஆகக் கூடாது, -3-ம் ஆகக் கூடாது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிட்டா நீங்க கில்லி.

இதோ ஒரு காமெடி டிராக். 16/64 இருக்கே, மேலே ஒரு 6, கீழே ஒரு 6. அடிச்சுட்டா 1/4. சரியான விடை! 19/95-ல் 9-ஐ அடிச்சா 1/5. சரி! 26/65, 49/98 ரெண்டிலும் இந்தக் கூத்து பலிக்கும். ரெண்டு இலக்க எண்களில், மேலே சின்னது கீழே பெரியது என்று வைத்து, பூஜ்யத்தை அடிக்கிற 10/20 மாதிரி சமாசாரங்களை விட்டுட்டா, இந்த நாலே நாலுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம். 12/24-ல் 2-ஐ அடிச்சுப் பாருங்க, 1/4 வரும். நிஜ விடை 1/2. விடை சரியா வந்துட்டதால வழியும் சரின்னு அர்த்தம் இல்லை பாஸ்!

பேப்பருக்கு வெளியே...

'மார்க்கைத் தவிர இதனால என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிறவங்களுக்கு மூணு சாம்பிள்.

சூரிய வெளிச்சம்: சூரியனுக்கும் நமக்கும் சுமார் 15 கோடி கிலோமீட்டர். மீட்டரில் 1.5 × 10¹¹. ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 3 × 10⁸ மீட்டர். வகுங்க. 1.5/3 = 0.5. அடுக்கு 11 - 8 = 3. ஆக 500 நொடி. 8 நிமிஷம் 20 நொடி. கால்குலேட்டரே தேவைப்படலை! இப்போ ஜன்னல் வழியா விழுகிற வெயில், நீங்க மெஸ் க்யூவில் நின்னுட்டு இருந்தப்போ அங்கிருந்து கிளம்பினது.

பீம்: நான் சிவில் என்பதால் இது என் ஏரியா. ரெண்டு பக்கமும் தாங்கி நிற்கிற ஒரு பீம், சீரான சுமையில் நடுவில் எவ்வளவு தொய்யும் என்கிற ஃபார்முலாவில், மேலே நீளத்தின் அடுக்கு 4 வரும். கீழே, செவ்வகப் பீமாக இருந்தால், அதன் உயரத்தின் அடுக்கு 3 வரும். ஒருத்தர் ஹாலை ரெண்டு மடங்கு நீளமாக்கணும் என்கிறார். 'பீம் உயரத்தையும் ரெண்டு மடங்காக்கிட்டா சரியாப் போச்சு' என்று சொல்லலாமா? மேலே 2⁴, கீழே 2³. சுருக்கினால் 2¹. மீட்டருக்கு இவ்வளவு என்கிற சுமை மாறாமல் இருந்தாலே தொய்வு ரெண்டு மடங்கு! உயரத்தைத் தொடாமல் விட்டிருந்தால் 16 மடங்கு. ஒரு குட்டி எண், எத்தனை பேர் தலைக்கு மேலே இருக்கு பாருங்க.

யூனிட்: 1883-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் சாயம் விட்டு, ஓட்டம் எப்போ அமைதியா போகுது, எப்போ சுழல் போடுது என்று பார்த்தார். அவர் பெயரில் இருக்கிற ரெனால்ட்ஸ் எண்ணில் மேலே அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம். கீழே பாகுநிலை. நிறையை நி, நீளத்தை நீ, காலத்தை கா என்று வைத்து யூனிட்டைப் போடுங்க. அடர்த்தி நி நீ⁻³. வேகம் நீ கா⁻¹. விட்டம் நீ. பெருக்கினால் மேலே நி நீ⁻¹ கா⁻¹. கீழே பாகுநிலைக்கும் அதே நி நீ⁻¹ கா⁻¹. வகுத்தால் எல்லா அடுக்கும் ஜீரோ. அதாவது யூனிட்டே இல்லாத வெறும் எண்! அதனால்தான் சின்ன மாடலில் டெஸ்ட் பண்ணினதைப் பெரிய குழாயோடு ஒப்பிட முடியுது. 'க⁰ = 1' என்கிற எட்டாங்கிளாஸ் வரி, ஒரு லேபையே தாங்கி நிற்குது.

ஒட்டி வெச்சுக்குங்க!

தமிழ் மீடியத்தில் இருந்து வர்ற ஃபர்ஸ்ட் இயர் தம்பி, தங்கைகளுக்காக ஒரு குட்டி லிஸ்ட். அலமாரிக் கதவில் ஒட்டி வெச்சுக்குங்க.

தொகுதி - நியூமரேட்டர்
பகுதி - டினாமினேட்டர்
அடிமானம் - பேஸ்
அடுக்கு - பவர், எக்ஸ்போனென்ட்
உறுப்பு - டேர்ம்
காரணி - ஃபேக்டர்
கெழு - கோ-எஃபிஷியன்ட்
மாறி - வேரியபிள்
கோவை - எக்ஸ்பிரஷன்
தலைகீழி - ரெசிப்ரோக்கல்
வர்க்கமூலம் - ஸ்கொயர் ரூட்
சுருக்குக - சிம்ப்ளிஃபை

இந்தப் பன்னிரண்டு வரியும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களின் இன்னொரு பெயர்தான். புதுசா எதுவும் இல்லை. பெயர் புரியாததால் வர்ற பயத்தை, கணக்கு வராததால் வர்ற பயம் என்று தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் வேற வேற நோய். முதலாவதுக்கு மருந்து ரெண்டு நாளில் கிடைச்சுடும்.

சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூனியர் வந்து க⁶/க² எவ்வளவு என்று கேட்டா சிரிக்காதீங்க. 'இதுகூடத் தெரியாதா?' என்கிற ரெண்டு வார்த்தையில் ஒரு டிகிரியே போயிடும். ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, 'பிரிச்சு எழுது' என்று சொல்லுங்க. அது போதும்.

எங்க ஹாஸ்டல் பொண்ணு என்ன ஆனாள் என்கிறீர்களா? சினிமா மாதிரி சென்டம் எல்லாம் எடுக்கலை. ரெண்டாவது இன்டர்னலில் பாஸ் மார்க்குக்கு மேலே ஏழு மார்க். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிடுச்சு. முக்கியமா, இப்போ கிளாஸில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்குறாளாம்!

ரெடியா? சும்மா ஒரு ரவுண்ட்!

இதுவரை படிச்சதுக்கு ஒரு குட்டி டெஸ்ட். டைம் லிமிட் கிடையாது. அடிக்கத் தடை, வகுக்க அனுமதி!

1. 15க⁷ப³ / 25க⁴ப⁵
2. (3க²ப⁻¹)² / (9க⁻¹ப)
3. (க² - 4) / (க² - 2க)
4. (க + 6) / 6, முதலில் கேட்ட அதே கேள்வி. இதைச் சுருக்க முடியுமா?

விடைகள்: 1) 3க³ / 5ப². 2) க⁵ / ப³. 3) (க + 2) / க, க பூஜ்யமோ 2-ஆகவோ இருக்கக் கூடாது. 4) அடிச்சுச் சுருக்க வழியே இல்லை. வேண்டுமானால் க/6 + 1 என்று பிரிச்சு எழுதலாம். அந்த 1 எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருக்கிற ஜூனியருக்குச் சொல்லிக் கொடுங்க... அப்போ உங்களுக்கு முழுசாப் புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்!